வண்டியின் வயிற்றில் விழுந்த பள்ளம்

கால்கள் இரண்டும் காவிரியில் கிடந்தன. தலை அப்பாவின் காருக்கு அடியில் இருந்தது.

முன் பம்பருக்குக் கீழே மணலை இரண்டு கைகளாலும் அள்ளி ஒதுக்கிவிட்டு, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்திருந்தேன். ஆற்றில் பட்ட வெயில் திரும்பி வந்து வண்டியின் அடிப்பக்கமெங்கும் ஆடிக்கொண்டிருந்தது. துருவேறிய குழாய்களின் மேலும், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் காய்ந்த மண்ணின் மேலும் வெளிச்சம் வளையம் வளையமாக ஓடியது. முகத்தில் இன்ஜினின் சூடு, பாதத்தில் ஆற்றின் குளிர். கரையில் பேசியவர்களின் குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டன.

இன்றும் சில விடியல்களில், தூக்கம் கலைவதற்குச் சற்று முன்னால், அந்த வெளிச்சம் வருகிறது. கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

"என்ன மருமவளே, உள்ளயே தூங்கிட்டியா?" என்று மாமாவின் குரல் கேட்டது.

"பார்த்துக்கிட்டிருக்கேன் மாமா."

"அதுல என்ன, சினிமாவா ஓடுது?"

ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

வண்டிக்கும் பதினெட்டு

அன்று ஆடிப்பெருக்கு. ஜீயபுரத்தில் அப்பாவின் அக்கா, என் அத்தை இருக்கிறாள். அத்தையின் வீட்டுக்காரர்தான் இந்த மாமா. ஆற்றோரமாக வாழை போட்டிருப்பவர். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் அங்கே போய்விடுவோம்.

ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது என்பது வெளியில் சொல்கிற காரணம். அங்கே காரை ஆற்றில் இறக்க விடமாட்டார்கள் என்பதுதான் அப்பாவின் காரணம்.

"நாம குளிக்கிறோம். நமக்குச் சோறு போடுற வண்டி குளிக்க வேண்டாமா?" என்பார்.

மாட்டு வண்டி இறங்கி இறங்கி விழுந்த பழைய தடம் ஒன்று அங்கே உண்டு. அதன் வழியாக மெதுவாக இறக்கி, முன்சக்கரங்கள் இரண்டும் நனைந்ததும் நிறுத்துவார். பானட்டில் ஆற்றுத் தண்ணீரைத் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார். பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும்போது அம்மாவிடம் ஒரு கயிற்றைக் கேட்டு வாங்கி ஸ்டியரிங்கில் முடிவார். அது அடுத்த ஆடி வரை வெளுத்துக்கொண்டே கிடக்கும். எங்கள் வண்டியில் ஏறியவர்கள் பலர் அதை ஏதோ கோயில் கயிறு என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

அந்த வருடம் தண்ணீர் நிறைய வந்திருந்தது. மணல் இடம் மாறியிருந்தது. யாரோ எப்போதோ கொண்டுவந்து போட்ட துணி துவைக்கிற கல் ஒன்று, எல்லா வருடமும் கரையில் கிடப்பது, தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அது யாருக்கும் நினைவில் இல்லை.

இடது முன்சக்கரம் ஒரு குழிக்குள் சட்டென்று இறங்கியது. அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அண்டாவைத் தரையில் போட்ட மாதிரி, ஒரே ஒரு சத்தம்.

அப்பா பதறி ரிவர்ஸ் கியர் போட்டு, உறுமவிட்டு, வண்டியைப் பின்னால் தண்ணீரோரத்துக்கு ஏற்றினார். இன்ஜினை அணைத்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

படுத்துப் பார்த்த கோபுரம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி வாடகைக் கார் ஸ்டாண்டு. பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். சவாரி வரும்வரை பின் சீட்டில் படுத்துக் கிடப்பேன். பின் கண்ணாடி வழியாகக் கோபுரம் தலைகீழாகத் தெரியும். வானத்திலிருந்து கீழ்நோக்கி வளர்கிற மரம் போல. அதன் நுனியில் புறாக்கள் கீழே விழுந்து விழுந்து மேலே போகும். வெளியூர்க்காரர்கள் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்ப்பதை நான் படுத்துக்கொண்டே பார்த்தேன். அந்தச் சுகத்துக்காகவே சவாரி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். அம்மா காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக் கட்டு எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவள். அப்பா ஊர்ப் பெயர்ப் பலகைகளை எழுத்தாகப் படிப்பதில்லை. படமாகப் பார்த்து வைத்திருக்கிறார். புதுப் பலகை வைத்துவிட்டால் அன்று மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்தி யாரையாவது கேட்பார். அவர்களுடைய பெண் மெக்கானிக்கல் இன்ஜினீயர். இந்தத் தொடரில் போன வாரம் எழுதிய கல்லூரி பஸ் கதையைப் படித்துவிட்டு, ஏன் அந்தப் படிப்பை எடுத்தாய் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு பொருளைக் கீழேயிருந்து பார்க்கிற ஆசை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆடிப்பெருக்கு சம்பவம் நடந்தபோது ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லிஃப்டில் ஏற்றிய கார்களுக்குக் கீழே நடப்பது, தாழ்வான மேகங்களுக்கு அடியில் நடப்பது போல இருக்கும். வண்டியை விட வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "ஆளை வரச் சொல்லும்மா" என்பார்கள்.

"நான்தான் சார் ஆள்" என்பேன்.

அப்பாவுக்கு வண்டி என்றால் அதன் முகம்தான். விடிந்ததும் கண்ணாடி துடைத்து, பூ வைத்து, விளக்கைத் துடைப்பார். குனிந்து அடியில் பார்த்து நான் கண்டதில்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற ஒரு கூச்சம் அவருக்கு அதில் இருந்தது. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய இடம். நான் அந்த வேலைக்குப் போன பிறகும் தன் வண்டியை என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்டதில்லை.

ஈர நார்

கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கெல்லாம் முதலில் கண்ணில் பட்டது சைலன்சர். அதைத் தாங்கியிருந்த ரப்பர் வளையங்கள் அறுந்து, குழாய் ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இதான் சத்தம்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். தோப்புக்குள் போய் வாழைநார் உரித்துக்கொண்டு வந்துவிட்டார். வாழைக்காரர் அல்லவா, அவர் உலகத்தில் நாரால் கட்ட முடியாத பொருள் கிடையாது. "நாலு சுத்து சுத்திக் கட்டிட்டா டெல்லி வரைக்கும் போகும்."

"மாமா, வண்டி ஓடினா அது அடுப்பு மாதிரி கொதிக்கும். நார் கருகிடும்."

"இது ஈர நாரும்மா."

"ஈர நார்னா கொஞ்சம் லேட்டா கருகும்."

அத்தை சிரித்துவிட்டாள். மாமா நாரைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, இன்ஜினீயர் சொல்லட்டும்" என்று ஒதுங்கி நின்றார்.

தொங்குகிற சைலன்சர் சத்தம் போடும், அவ்வளவுதான். அது வண்டியைக் கொல்லாது. எனக்கு அந்த ஒற்றைச் சத்தம்தான் உறுத்தியது. குழாய் அடிபட்டால் அப்படிக் கேட்காது. உள்ளே வெற்றிடம் இருக்கிற ஏதோ ஒன்று வாங்கிய அடி அது.

நான் மணலில் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "புதுச் சுடிதார்டி" என்றாள். அதற்குள் பாதி உடம்பு உள்ளே போய்விட்டது.

அடியில் காப்பாக இருக்க வேண்டிய தகடு இல்லை. எப்போதோ ஆயில் மாற்றும்போது கழற்றிய யாரோ திரும்ப மாட்டவில்லை போலும். அதனால் இன்ஜினின் அடிப்பாத்திரம் நேரே தெரிந்தது. கல்லூரியில் அதை சம்ப் என்று படித்தோம்; ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அது ஆயில் சேம்பர். இன்ஜினுக்குத் தேவையான ஆயில் முழுக்க அந்தப் பாத்திரத்தில்தான் கிடக்கும்.

விரலால் ஓரமெங்கும் தடவினேன். போல்ட்டுகளைத் தடவினேன். எங்கேயும் ஈரம் இல்லை. ஒரு சொட்டு ஆயில்கூட ஒழுகவில்லை.

ஆனால் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. கல் உள்ளே தள்ளிய பள்ளம். விரிசல் இல்லாமல் வழவழவென்று, யாரோ வேண்டுமென்றே குழைத்து வைத்த மாதிரி. என் கையை மூடி அதற்குள் வைத்தேன். முழு முஷ்டியும் உள்ளே போனது. ஆற்றின் வெளிச்சம் ஆடி ஆடி அந்தப் பள்ளத்துக்குள் வந்து கூடியது. பார்க்க அழகாக இருந்தது. முஷ்டியை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன்.

இளநீரின் அடியில்

இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவை அடிவரை அழுத்தினால், அதன் வாய் வழுக்கையில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு உறிஞ்சினாலும் ஒன்றும் வராது. காய்க்குள் இளநீர் இருக்கும், வாய்க்கு வராது.

இன்ஜினும் அப்படி ஒரு குழாயால்தான் ஆயிலைக் குடிக்கிறது. குழாயின் முனையில் ஒரு வலை. அந்த வலை சேம்பரின் தரைக்கு மிக அருகில் நிற்கும். தரை மேலே ஏறி வலையை மூடிவிட்டால், ஆயில் நிறைய இருந்தும் இன்ஜினுக்குப் போகாது. இரும்பும் இரும்பும் உராயும். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிடும்.

அதே மாடல் காரின் சேம்பரைக் கழற்றி நான் பார்த்திருக்கிறேன். வலை எந்த இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். பள்ளம் அதற்கு நேர் கீழே இருந்தது.

சர்வீஸ் சென்டருக்கு ஒருமுறை அப்படி ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். வேகத்தடையில் அடிபட்டிருக்கிறது, குனிந்து பார்த்திருக்கிறார், ஒழுகவில்லை, ஓட்டியிருக்கிறார். இன்ஜினைத் திறந்தபோது வந்த கரிந்த வாசனை எனக்கு மறக்கவில்லை. அவருக்கு வீட்டில் இன்னொரு கார் இருந்தது. எங்களுக்கு இருந்தது இந்த ஒரு பழைய டீசல் இன்ஜின். வாடகை, அரிசி, நான் படித்த படிப்பு எல்லாம் அது சுற்றியதால் வந்தவை. அது நின்றால் அப்பா இன்னொருவரின் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டும்.

வெளியே நகர்ந்து வந்தபோது அப்பாவின் கையில் சாவி இருந்தது.

கையில் வந்த சாவி

"அப்பா, ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"ஏன் பாப்பா, ஒழுகுதா?"

"ஒழுகல."

"ஒழுகலைன்னா அப்புறம் என்ன?" என்றார் மாமா.

இளநீர்க் கதையை மணலில் படம் போட்டுச் சொன்னேன். ரிவர்ஸ் எடுத்தபோது மீட்டரில் சிவப்பாக ஆயில் லைட் எரிந்ததா என்று அப்பாவைக் கேட்டேன்.

"கவனிக்கல பாப்பா. பின்னாடி திரும்பித்தானே எடுத்தேன்."

மாமா படத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சுடப் போவுது."

"தெரிஞ்சுடும் மாமா. அதான் பயமா இருக்கு."

அப்பா யாரையும் பார்க்கவில்லை. அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் ஸ்ரீரங்கம் உத்தர வீதி மாமி ஒருவரைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு வாசலில் போய் நிற்காமல் இருந்தது அவர் வாழ்க்கையில் கிடையாது.

"மெதுவா ஓட்டினா வீடு வரைக்கும் போயிடாது?" என்றார். கேள்வி என்னிடம்தான். ஆனால் கண் வண்டி மேல் இருந்தது.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். போகலைன்னா இன்ஜின் போச்சுப்பா."

"நிச்சயமாவா சொல்ற?"

சுற்றிலும் அத்தை, மாமா, அம்மா, பக்கத்தில் குளிக்க வந்தவர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "திறந்து பார்க்காம அடைச்சிருக்குன்னு நிச்சயமா சொல்ல முடியாதுப்பா. ஆனா திறந்து பார்க்கற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுங்கறது நிச்சயம்" என்றேன்.

அவர் ஆற்றின் பக்கம் திரும்பினார். மஞ்சள் பூவும் கருகமணியும் வைத்த ஒரு வாழைமட்டை எங்களைத் தாண்டி மிதந்து போனது. பிறகு என் மணல் ஒட்டிய கையை எடுத்து, சாவியை அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

உத்தர வீதி மாமிக்கு அவர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் மாமியின் குரல் கணீரென்று வந்தது.

"வண்டிக்கு வயித்துல அடின்னா முதல்ல அதுக்கு ஆபரேஷன் பண்ணுங்கோ. என் கண் எங்கேயும் ஓடிடாது. டாக்டராண்ட நான் சொல்லிக்கறேன். வேற யாரையும் அனுப்பாதீங்கோ, தெரியாதவாளோட என்னால அவ்வளவு தூரம் போக முடியாது."

மாமாவின் டிராக்டர் வந்து வண்டியைக் கயிறு கட்டி இழுத்தது. இன்ஜின் ஓடாததால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிட்டன. அப்பா இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்பினார். புதுப் புடவை கட்டிய பெண்கள் கலந்த சாதப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். சந்தனப் பொட்டு வைத்த கார் ஆற்றிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வாழைகளுக்கு நடுவே போனது. ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி வைத்துவிட்டு நான் பக்கத்தில் நடந்தேன்.

தோப்பு நிழலில்

மறுநாள் லீவு போட்டுவிட்டு, திருச்சியின் மதுரை ரோட்டில் புது சேம்பரும் வலைக்குழாயும் வாங்கிக்கொண்டு ஜீயபுரம் போனேன். மாமா டிராக்டரால் இழுத்து, வண்டியின் முன்சக்கரங்களை இரண்டு பனங்கட்டைச் சரிவுகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார். பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தேன். ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

பழைய ஆயில் மை போல இறங்கியது. அப்பா அன்னக்கூடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். போல்ட்டுகளைக் கழற்றி வரிசையாக வாழையிலையில் வைத்தேன். ஒட்டியிருந்த பசையைத் தகட்டால் அறுத்துக்கொண்டே வந்தேன். உள்ளே ஒன்றுமே ஆகாமல் இருந்தால்? ஒரு பெரிய நாளில், ஊர் பார்க்க, அப்பாவை டிராக்டருக்குப் பின்னால் உட்காரவைத்த பெண்ணாகிவிடுவேன்.

சேம்பர் கையோடு இறங்கி வந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

குழாய் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. வலை நசுங்கித் தட்டையாகியிருந்தது. ஒரே ஒரு ஓரத்தில் மட்டும், நகம் நுழையும் அளவுக்கு, ஓர் இடைவெளி மிச்சம் இருந்தது.

மாமா அதை விடவில்லை. "இந்தா, சந்து இருக்கே. இதுல குடிச்சுக்கிட்டே போயிருக்கும்ல?"

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா சொன்னார். "மச்சான், நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இங்கேர்ந்து திருச்சி வரைக்கும் ஓடுங்க. நான் பின்னாடியே வரேன்."

மாமா மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனார்.

புதிய குழாயை மாட்டி, பசை தடவிப் புதிய சேம்பரை ஏற்றினேன். பசை காய வேண்டும். அந்தக் காத்திருப்பு நீண்டது. வாழை இலைகள் கிழிந்த ஓரங்களோடு அசைந்தன. எங்கோ மோட்டார் ஓடி வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. சைலன்சருக்குப் புது ரப்பர் மாட்டினேன். அப்பா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.

ஆயில் ஊற்றினோம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு வயரைக் கழற்றிவிட்டு, முதலில் வெறுமனே சுற்றவிடச் சொன்னேன். ஆயில் மேலே ஏற வேண்டும். அப்பா சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். திறந்த கதவருகே நின்று நானும் மீட்டரைப் பார்த்தேன். ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. இன்ஜின் முனகிச் சுற்றியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அணைந்தது.

வயரை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். அதே பழைய டீசல் தடதடப்பு. அப்பா தலையைச் சாய்த்து நெடுநேரம் கேட்டார். பிறகு அணைத்தார்.

எங்காவது கசிகிறதா என்று பார்க்க நான் சாக்கை விரித்து உள்ளே நகர்ந்தேன். புது இரும்பு காய்ந்து பளபளத்தது. பக்கத்தில் ஏதோ உரசும் சத்தம். திரும்பினால், அப்பா சட்டையோடு மண்ணில் படுத்து, தலையைச் சாய்த்து உள்ளே வந்துகொண்டிருந்தார். தோள் என் தோளில் இடித்தது.

தலைக்கு மேல் போன ஒரு மெல்லிய குழாயைத் தொட்டார்.

"இது என்ன பாப்பா?"

"பிரேக் ஆயில் போற குழாய்."

"இவ்வளவு ஒல்லியா இருக்கு. இத நம்பியா அத்தனை பேரைக் கொல்லிமலைக்கு ஏத்தினேன்?"

"ம்."

"இது?"

"ஸ்டியரிங் ராடு. நீங்க மேல திருப்பறது இங்கதான் வந்து சேருது."

கையை உயர்த்தி அதைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையை எடுக்கவில்லை. "இத்தனை வருஷமும் இதுக்கு மேலதான் உட்கார்ந்திருந்திருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மாமாவின் கால்கள் வந்து வண்டியோரம் நின்றன. "சோறு ஆறுது. அப்பனும் மவளும் வெளிய வர்றீங்களா, இல்ல இலையை உள்ள தள்ளட்டுமா?"

"இருங்க மச்சான்" என்றார் அப்பா. "இன்னும் பின்பக்கம் பார்க்கல."